போனில் எடுத்த வீடியோவில் குரலும் உதடும் ஒட்டவில்லை, உதவுங்களேன்
போனிலேயே சின்னச் சின்ன வீடியோ எடுத்து எடிட் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். 1080பி, நொடிக்கு 30 பிரேம் என்று வைத்துத்தான் எடுக்கிறேன், ஆனால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும் குரல் போகப் போக உதட்டசைவை விட்டு விலகிவிடுகிறது. போன் கேமரா பிரேம் வேகத்தைச் சீராக வைக்காமல் கூட்டிக் குறைக்குமாம், அதனால்தான் இப்படி என்றார்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்வதுதான் வழியா, இல்லை எடுக்கும்போதே பூட்டி வைக்க முடியுமா?

அப்புறம், டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்று வைக்க வேண்டுமாம், என் போன் கேமராவில் அந்த வசதியே இல்லை. இலவச ஆப் ஏதாவது இருக்கிறதா? ‘புது போன் வாங்கு’ என்பதைத் தவிர எதைச் சொன்னாலும் சரி.