ஆரணியின் படிவம்: ‘அம்மம்மா வீடு’ குழுவில் ஒரு வியாழன் இரவு

(திருகோணமலைக் குடும்பம் ஒன்றின் குழு. சபாநாதன், ரஞ்சினி, மலர், குமரன் கூடப்பிறந்தவர்கள். தர்சி சபாநாதனின் மகள், ஆரணி மலரின் மகள், நந்தன் மலரின் கணவர்.)

வியாழன், மாலை 6:12

மலர்: அண்ணா, அக்கா, எல்லாருக்கும். ஆரணி உயர்தரத்துக்கு (ஏ.எல்) எந்தப் பிரிவு என்று எழுதும் படிவத்தைத் திங்களுக்குள் கொடுக்க வேண்டும். நாளை காலை 8:30க்குப் பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டல் கூட்டம். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கட்டாயம் வரவேண்டுமாம். எனக்கு நாளை லீவு கிடைக்காது. யார் போகலாம்?

குமரன்: நான் போகிறேன்

குமரன்: ஐயோ இல்லை. நாளை புறாத்தீவுக்கு என் போட்டைப் பத்துப் பேர் புக் பண்ணியிருக்கிறார்கள்

மலர்: தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை

ரஞ்சினி: ஓ.எல் ரிசல்ட் வந்துவிட்டதா? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே

மலர்: வந்த அன்றே போட்டேன் அக்கா. நீங்கள் கைகூப்பும் படம்கூடப் போட்டீர்கள்

ரஞ்சினி: அது பத்திரகாளி அம்மன் படத்துக்குப் போட்டது

மலர்: 3 ஏ, 4 பி, 2 சி. கணிதம் பி. விஞ்ஞானம் சி. ஐ.சி.டி ஏ

ரஞ்சினி: கெட்டிக்காரி. டொக்டருக்குப் படிக்கட்டும்

குமரன்: விஞ்ஞானம் சி அக்கா

ரஞ்சினி: அதற்கென்ன, டியூஷன் இருக்கிறதுதானே

மாலை 6:31

சபாநாதன்: அனைவருக்கும் வணக்கம். உணர்ச்சிவசப்படாமல் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். உயர்தரத்தில் கலை, வர்த்தகம், உயிரியல், கணிதம், தொழினுட்பம் என்று பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவை எடுத்தாலும் பிள்ளை பாடுபட்டால் வரலாம் என்பது மேடையில் பேச நன்றாக இருக்கும். கணக்கு வேறு. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டச் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16இல் ஒன்று. அதாவது எங்கள் பிள்ளைக்கு மூன்று வாசல் திறந்திருக்கிறது. அந்த வசதியை வைத்துக்கொண்டு கணிதப் பிரிவை விடுவது வீட்டு வாசலில் கிணறு இருக்கத் தண்ணீர் பவுசருக்குக் காத்திருப்பது போல. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். நானே வாரம் மூன்று நாள் பாடம் சொல்லித் தருவேன். பணம் வேண்டாம்.

குமரன்: 1996இல் எனக்கும் இதே கிணறு காட்டப்பட்டது

சபாநாதன்: நீ படிக்கவில்லை. கடற்கரையில் நின்றாய்

குமரன்: மூன்று தரம் சோதனை எடுத்தேன் அண்ணா. அதற்கு மேல் எடுத்தாலும் பல்கலைக்கழகத்துக்குக் கணக்கில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்

குமரன்: மூன்று தரமும் கணிதம் எப் 

ரஞ்சினி: பழையதைக் கிளறாதீர்கள். அம்மா பார்க்கிறார்

அம்மா வீடு: [குரல் பதிவு 0:21]

தர்சி: அப்பம்மா சொல்கிறார், சனிக்கிழமை கண் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்று

மலர்: அதைப் பிறகு கதைப்போம். முதலில் படிவம்

ரஞ்சினி: ஆரணியைக் கொழும்புக்கு அனுப்பினால் என்ன? வெள்ளவத்தையில் இவருடைய தங்கச்சி வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நல்ல டியூஷன் எல்லாம் அங்கேதான்

தர்சி: வேண்டாம் மாமி. மாவட்டம் பார்க்கும்போது கடைசி வருடங்களில் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்று பார்ப்பார்கள். கொழும்புக் கணக்கில் விழுந்தால் வெட்டுப்புள்ளி ஏறிவிடும்

சபாநாதன்: நான் சொன்ன 5 வீதமும் போய்விடும்.

ரஞ்சினி: அப்படியென்றால் விடு. அந்த அறைக்கு ஏசியும் இல்லை

மாலை 6:58

மலர்: அண்ணா, ஆரணி டெக்னொலஜி என்கிறாள். இ-டெக், எஞ்சினியரிங் டெக்னொலஜி

சபாநாதன்: யார் சொல்லிக்கொடுத்தது?

மலர்: ஒருவரும் இல்லை. அவளே

சபாநாதன்: நல்லது. அதையும் விளக்குகிறேன். தொழினுட்பப் பிரிவு 2013இல் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. பொறியியல் தொழினுட்பவியல், தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஒரு பாடம். அதற்குப் ‘பொறியியல்’ என்று பெயர் இருப்பதால் எஞ்சினியர் ஆகலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஆக முடியாது. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றும் வேண்டும். இ-டெக் பிள்ளை தொழினுட்பப் பீடத்துக்குத்தான் போகலாம். அது வேறு பட்டம். இந்த வித்தியாசத்தைக் கூட்டங்களில் சொல்ல மாட்டார்கள்.

தர்சி: சொல்வோம் அப்பா

சபாநாதன்: யார் சொல்வது?

மலர்: எஞ்சினியர் பட்டம் வேண்டும் என்று யார் சொன்னது? தொழினுட்பப் பீடத்திலும் பட்டம்தானே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்பப் பீடமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஒலுவிலிலும் தொழினுட்பப் பீடம் இருக்கிறது

சபாநாதன்: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

மலர்: தேடிப் பார்த்தேன். இன்னொன்று. இணைந்த கணிதத்தில் கீழே போனால் மற்ற இரண்டு பாடமும் நன்றாக வந்தும் பிரயோசனம் இல்லை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி விழுந்துவிடும். எனக்கு இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் விளங்கும். தர்சி மச்சாளையே கேளுங்கள்

குமரன்: மலர்

குமரன்: தர்சி உனக்கு எப்போதிலிருந்து மச்சாள்?

தர்சி: ஹாஹாஹா

ரஞ்சினி: என்ன நடக்கிறது?

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சபாநாதன்: நீக்கினாலும் நான் வாசித்துவிட்டேன்.

மாலை 7:09

மலர்: குளித்துவிட்டு வருகிறேன், போனில் இவ்வளவு செய்தி. யார் எழுதியது இதெல்லாம்?

மலர்: சரி, பிடித்துவிட்டேன்

குமரன்: அவளை அடிக்காதே. எங்கள் எல்லாரையும்விட வடிவாக எழுதியிருக்கிறாள்

மலர்: அடிக்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் இ-டெக் இல்லை. டவுனில் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற வேண்டும், அது கலவன். சாம்பல்தீவிலிருந்து காலை பஸ் உங்களுக்குத் தெரியும். பின்னேரம் செய்முறை வகுப்பு என்றால் இருட்டி வருவாள்

ரஞ்சினி: பெண் பிள்ளை ஸ்பானர் பிடித்து

குமரன்: போன மாதம் என் போட் எஞ்சினில் கார்பரேட்டர் அடைத்தபோது கழற்றியவள் அவள்தான். நான் டோர்ச் பிடித்தேன்

ரஞ்சினி: அதை ஏன் பெருமையாகச் சொல்கிறாய்

குமரன்: மெக்கானிக் இரண்டு நாளாக வரவில்லை. சீசன் நேரம் அக்கா. ஒரு நாள் போட் நின்றால் எவ்வளவு நட்டம் தெரியுமா

குமரன்: அது இருக்கட்டும், பாரை மீன் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? நாளை காலை கொண்டுவரலாம்

சபாநாதன்: ஒரு கிலோ. துண்டு போடாமல்.

மலர்: எனக்கும் ஒரு கிலோ. ஐயோ படிவம்

ரஞ்சினி: [பலமுறை முன்னனுப்பியது] முக்கிய அறிவித்தல்!!! அடுத்த வருடத்திலிருந்து டெக்னொலஜி பிரிவு முற்றாக நிறுத்தப்படுகின்றது. பெற்றோர்களே கவனம். அனைவருக்கும் பகிரவும்

சபாநாதன்: பார்த்தீர்களா.

தர்சி: திகதி இல்லை. கையொப்பம் இல்லை. சுற்றறிக்கை இலக்கம் இல்லை. மூன்று ஆச்சரியக்குறி இருக்கிறது. கல்வி அமைச்சு அப்படி எழுதாது

ரஞ்சினி: எனக்கு வந்ததை அனுப்பினேன். கோபிக்காதே

இரவு 7:40

நந்தன்: [குரல் பதிவு 2:14]

ரஞ்சினி: வேலையில் நிற்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்கள்

மலர்: எழுதுகிறேன். “சபா அத்தானுக்கு மரியாதையோடு சொல்கிறேன். நான் கட்டாரில் 14 வருடமாக ஏசி வேலை. என்னோடு நிற்கிற பிலிப்பைன்ஸ் பொடியனுக்கு எனக்குத் தெரிந்ததில் பாதிதான் தெரியும். ஆனால் அவன் சான்றிதழ் வைத்திருக்கிறான், டெக்னீஷியன் என்று சம்பளம். நான் இன்னமும் ஹெல்பர் என்று பதியப்பட்டிருக்கிறேன். அவன் செய்ததையும் நான் போய்த் திருத்துகிறேன். பிள்ளை என்ன படித்தாலும் கையில் தாள் இருக்க வேண்டும். தாள் மட்டும் இருந்து கை வேலை தெரியாவிட்டாலும் சரிவராது.” பிறகு சாப்பாடு பற்றிச் சொல்கிறார், அது எனக்கு

குமரன்: அத்தான் 14 வருடத்தில் இவ்வளவு நீளமாக முதல் தரம் பேசியிருக்கிறார்

தர்சி: மாமா, உங்களுக்கே இதற்கு வழி இருக்கிறது. முன்கற்றல் அங்கீகாரம் என்று சொல்வார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டினால் என்.வீ.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவார்கள். லீவில் வரும்போது விண்ணப்பிக்கலாம். கம்பனியிடம் சேவைக் கடிதம் மட்டும் வாங்கி வையுங்கள்

நந்தன்: இந்த வயதிலா

தர்சி: 50 தாண்டிய மேசன்மார் எல்லாம் எடுத்திருக்கிறார்கள்

நந்தன்: சேவைக் கடிதம் கேட்டுப் பார்க்கிறேன்

சபாநாதன்: இந்த என்.வீ.கியூ என்பது பட்டத்துக்குச் சமமா?

தர்சி: 7 மட்டம் இருக்கிறது அப்பா. 4 என்றால் முழுத் தேர்ச்சியுள்ள தொழிலாளி. 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். இரத்மலானையில் தொழில்சார் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இருப்பதே அப்படி ஏறி வருகிறவர்களுக்காகத்தான். உயர்தரத்தில் சறுக்கினாலும் அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 2016இல் திறந்தது. ஓட்டோமொபைல், மின்சாரம், மெக்கானிக்கல். தங்குமிடமும் உண்டு

சபாநாதன்: உயர்தரம் வேண்டாம் என்கிறாயா?

தர்சி: அப்படிச் சொல்லவில்லை. ஒரு கதவு மூடினால் திண்ணையில் இருந்து அழ வேண்டியதில்லை என்கிறேன். சித்தப்பாவுக்கு 2000இல் இதை ஒருவரும் சொல்லவில்லை

குமரன்: எனக்குத் திண்ணையும் இருக்கவில்லை, கடற்கரை மணல்தான்

சபாநாதன்: நீ இதெல்லாம் எங்கே படித்தாய்?

தர்சி: அப்பா. நான் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர். நான்கு வருடமாக

சபாநாதன்: அது தெரியும். பதிவு செய்கிற வேலை என்று நினைத்தேன்.

தர்சி: நாளை ஆரணியின் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் பேசப்போவதே நான்தான்

ரஞ்சினி: என்ன!!!

மலர்: தர்சி! இதை 6 மணிக்கே சொல்லியிருக்கலாமே

தர்சி: சொல்லத்தான் வந்தேன் மாமி. அதற்குள் கிணறும் பவுசரும் வந்துவிட்டது. காலையில் அப்பாவிடம் சொன்னேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து ‘ம்’ என்றார்

குமரன்: அந்த ‘ம்’ எனக்குத் தெரியும்

இரவு 8:15

மலர்: அப்படியென்றால் வீட்டுப் பெரியவராகவும் நீயே நின்றுவிடு

தர்சி: மேடையில் நின்றுகொண்டு எப்படி மாமி? கூட்டம் முடிந்து ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக இருந்து கதைப்போம். ஆர்வம் பார்க்கிற ஒரு கேள்வித்தாளும் கொடுப்போம். அதற்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் நல்லது. கேட்க மட்டும்

சபாநாதன்: நான் வருகிறேன்.

(பத்து நிமிடம் ஒருவரும் எழுதவில்லை)

ரஞ்சினி: அண்ணா, நீங்கள் போனால் கூட்டத்தை நீங்களே நடத்திவிடுவீர்கள்

சபாநாதன்: பின்வரிசையில் இருப்பேன். ஆனால் ஒரு கேள்வி கேட்பேன். இ-டெக் முடித்த எத்தனை பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தில் வேலை கிடைத்தது என்று. சீனன்குடாவில் மாவாலை, சீமெந்து, எண்ணெய்த் தாங்கி எல்லாம் இருக்கிறது. அங்கே யாரை எடுக்கிறார்கள்?

தர்சி: நல்ல கேள்வி அப்பா. உண்மையாகவே. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பயிற்சிக்கு எடுத்த விபரம்தான் இருக்கிறது. கொண்டுவருகிறேன்

சபாநாதன்: கேள்வியை முன்கூட்டியே சொன்னது பிழையாகிவிட்டது.

மலர்: படிவத்தில் என்ன எழுத? திங்கள் கடைசி

தர்சி: இவளுடைய பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிரிவில் ஒன்றை இப்போதைக்குப் போட்டுக் கொடுங்கள். மற்றப் பள்ளிக்கூடத்தில் இடம் உறுதியாகும் வரை விடுகைப் பத்திரம் மட்டும் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு இரண்டும் இல்லாமல் நின்ற பிள்ளைகள் உண்டு

சபாநாதன்: கணிதம் என்று போடு. பிறகு மாற்றலாம்.

மலர்: வர்த்தகம் போடலாம் என்று நினைத்தேன்

ரஞ்சினி: பயோ

குமரன்: பென்சிலால் எழுது

மலர்: ஆரணி கேட்கச் சொல்கிறாள், பெரிய மாமா நாளை வேட்டியா காற்சட்டையா என்று

சபாநாதன்: ஏன்?

மலர்: வேட்டி என்றால் அவள் தனியாக பஸ்சில் போவாளாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற மாட்டாளாம்

சபாநாதன்: காற்சட்டை. 7:40க்கு ஆறாம் கட்டைச் சந்தியில் நிற்கச் சொல். பிந்தினால் போய்விடுவேன்.

மலர்: சரி அண்ணா. பஸ் விஷயம் அத்தோடு நிற்கட்டும், அதை இவர் லீவில் வந்த பிறகு பார்ப்போம்

நந்தன்: லீவு டிசம்பரில்தான்

மலர்: தெரியும்

குமரன்: பாரை எத்தனை கிலோ என்று கடைசியாகச் சொல்லுங்கள். சபா அண்ணா 1, மலர் 1, தர்சி?

தர்சி: நாங்கள் ஒரே வீடு சித்தப்பா

ரஞ்சினி: எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஸ்காபரோவில் ஐஸ் பாரைதான்

அம்மா வீடு: [குரல் பதிவு 0:09]

தர்சி: சனிக்கிழமை கிளினிக் என்ன ஆனது என்று அப்பம்மா கேட்கிறார்