மலைச்சரிவில் மானைத் தேட: 15 மடங்கு பைனாகுலரும் அதைத் தாங்கும் டிரைபாடும்

கள்ளிக்காடு (டூசான், அரிசோனா)

வேட்டைக்குப் பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு வாங்கலாம்?" என்பதுதான். அதை எதன் மேல் பொருத்திப் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 10 மடங்குக்கு மேல் போகிற யாரும் டிரைபாடுக்குப் பணம் ஒதுக்கிய பிறகே பைனாகுலர் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே தெற்கு அரிசோனாவில் நாங்கள் தேடுவது கூஸ் மானை. வெள்ளைவால் மானில் இது சிறிய இனம். நன்கு வளர்ந்த ஆண் மானே 45 கிலோவைத் தாண்டுவது அரிது. உடல் சாம்பல் நிறம். காய்ந்த புல், ஓக் மரம், பாறை மூன்றும் கலந்த சரிவில் அது அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தட்டாது. நடந்து திரிந்து இதைக் கண்டுபிடிக்க முயன்றால், நாம் பார்ப்பதற்கு முன் அது நம்மைப் பார்த்துவிடும். ஆகவே இருட்டோடு ஏறி ஒரு முகட்டில் உட்கார்ந்து, எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பதுதான் இங்குள்ள வழக்கம். அதற்காகவே 15x56 பைனாகுலர் (15 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 56 மில்லிமீட்டர்) இந்த மலைகளில் இவ்வளவு பரவியிருக்கிறது.

சான்டா ரீட்டா மலையில் ஒரு டிசம்பர் காலை. உடன் வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். அவர் கையில் நல்ல 10x42 இருந்தது, கழுத்தில் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய 15x56 டிரைபாடில் இருந்தது. எதிர்ச்சரிவு ஏறக்குறைய 900 மீட்டர். சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் ஏறியது. அந்தச் சரிவை அவர் முழுவதுமாக மூன்று தடவை பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லை அண்ணா, இடத்தை மாற்றுவோம்" என்றார். நான் அப்போது பாதிச் சரிவைக்கூட முடிக்கவில்லை.

நான் பார்க்கும் முறை இதுதான். பைனாகுலரை ஒரு மூலையில் நிறுத்துவேன். அதை நகர்த்தாமல், வட்டத்துக்குள் கண்ணை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டுவேன். ஒவ்வொரு நிழலையும், ஒவ்வொரு அடிமரத்தையும் பார்த்து முடித்த பிறகே ஹெட்டை (டிரைபாடின் மேல் பைனாகுலரைத் தாங்கித் திருப்பும் பகுதி) அந்தப் பார்வை வட்டத்தின் முக்கால் அகலத்துக்கு நகர்த்துவேன். அப்படி ஒரு ஓக் மரத்தடிக்கு வந்தபோது, நிழலும் வெயிலும் சேரும் விளிம்பில் ஏதோ ஒன்று ஒரு முறை அசைந்து நின்றது. பூச்சியை விரட்ட மான் தன் காதை ஒரு தரம் உதறியிருந்தது. அங்கேயே கண்ணை வைத்திருந்தேன். சற்று நேரத்தில் காதுக்கு மேலே கிளை என்று நினைத்தது கொம்பாகத் தெரிந்தது, பிறகு மூக்கின் குறுக்கே வெளிறிய பட்டை. படுத்திருந்த ஆண் மான்.

நண்பரை என் இடத்தில் உட்கார வைத்தேன். படம் ஏற்கெனவே மான் மேல் நின்றிருந்தும், அவருக்குப் பிடிபடச் சிறிது நேரமாயிற்று. பிடிபட்டதும் தன் 10x42-ஐ எடுத்து அதே மரத்தைப் பார்த்தார். கையில் வைத்துப் பார்க்க மான் மறுபடி மறைந்துபோனது. அதே 10x42-ஐ என் டிரைபாடில் மாட்டிக் கொடுத்தேன். சிறிதாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது! நான் சொல்ல வருவதெல்லாம் இதில் இருக்கிறது. காது அசைவதைக் கண் உணர வேண்டுமென்றால் சுற்றியுள்ள மற்ற எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். கையில் பிடிக்கும்போது மொத்தச் சரிவும் சேர்ந்து ஆடுகிறது, அதற்குள் ஒரு காது ஆடியது எப்படித் தெரியும்?

பின்பக்கமாகச் சுற்றி இறங்கிப் போக மதியம் கடந்துவிட்டது. காற்று எங்களுக்குச் சாதகமாகவே இருந்தது. 250 மீட்டருக்குள் நெருங்கியதும் நண்பர் படுத்தபடி சுட்டார், ஒரே குண்டு. வெயில் இறைச்சியைக் கெடுத்துவிடும் என்பதால் அங்கேயே உரித்துப் பிரித்து, துணிப்பைகளில் போட்டுத் தூக்கி வந்தோம்.

வாங்குபவர்களுக்கு இன்னும் சில. 10x42 ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 110 மீட்டர் அகலத்தைக் காட்டும். 15x56 காட்டுவது 77 மீட்டர் அளவுதான். பரப்பு குறைவதால் தேட நேரம் கூடும், பொறுமை வேண்டும். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42-ஐ 10-ஆல் வகுக்க 4.2 மில்லிமீட்டர், 56-ஐ 15-ஆல் வகுக்க 3.7. விடியலிலும் அந்தியிலும் மான் நடமாடுகிற மங்கலான நேரத்தில்தான் இந்த அகலம் கூடுதலாக இருப்பது உதவும். ஆகவே 15 மடங்கில் சிறிய முன்கண்ணாடி உள்ளதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். வெயில் ஏறித் தரையிலிருந்து கானல் எழும்பினால் எந்த விலைக் கண்ணாடியும் தெளிவாகக் காட்டாது. அந்த நேரம் சாப்பிடுவதற்கு.

டிரைபாடில் நடுத்தண்டு இல்லாததே நல்லது. உட்கார்ந்த நிலையில் கண் உயரத்துக்குத் தாழ வேண்டும். உருண்டை மூட்டில் திரும்பும் பால் ஹெட் (ball head) வேண்டாம், பிடியைத் தளர்த்தியதும் எல்லாப் பக்கமும் சாய்ந்துவிடும். கைப்பிடி வைத்து இடவலமாகவும் மேல்கீழாகவும் தனித்தனியே மெதுவாக நகரும் பான் ஹெட்டே தேடுவதற்கு ஏற்றது.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். துப்பாக்கி ஸ்கோப்பை வைத்து மலையைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவில் இருப்பது மானா மனிதனா என்று தெரியாமலே குழலை நீட்டுகிறார்கள். அப்படிப்பட்டவரோடு நான் மலையேற மாட்டேன்.

தென்தீவு (கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து)

அண்ணன் சொன்ன டிரைபாடு விஷயத்தில் முழு உடன்பாடு. 15x56 மட்டும் எங்கள் மலைக்குப் பொருந்தாது. நாங்கள் தேடுவது இமாலயத் தார் என்னும் மலையாட்டை. 1904-இல் குக் மலைப் பகுதியில் கொண்டுவந்து விட்டவை பெருகி, மலைப்புல்லையும் செடிகளையும் அழிக்கத் தொடங்கின. எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாதென்று 1993-இல் அரசே திட்டம் வகுத்தது. ஆகவே இங்கே வேட்டை வரவேற்கப்படுகிறது. ஆனால் கூடாரம், உணவு, பனிக்கோடரி எல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப்படுகையிலிருந்து மேலே போக வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் பைனாகுலரை நான் தூக்க மாட்டேன். 10x42, எடை குறைந்த கார்பன் ஃபைபர் டிரைபாடு, குழுவில் ஒருவரிடம் மட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி). இதுதான் எங்கள் ஏற்பாடு.

ஒரு ஜூன் மாதம், பள்ளத்தாக்கின் வழியே காற்று அறைந்துகொண்டிருந்தது. டிரைபாடின் கால்களை அகல விரித்து முழுவதும் தாழ்த்தி, கீழே ஒரு பையில் கல்லை நிரப்பித் தொங்கவிட்டேன். அதன் பிறகுதான் படம் நின்றது. பாறை விளிம்பில் ஒரு முதிர்ந்த ஆண், பிடரிமயிர் முழுவதும் ஒரு பக்கமாகக் காற்றில் பறந்தது. சுடும் தூரம்தான், குறியும் எளிது. டிரைபாடில் நிதானமாகக் கீழே இறக்கிப் பார்த்தபோது, அந்த விளிம்புக்கு அடியில் செங்குத்தான பிளவு தெரிந்தது. அங்கே விழுந்தால் எடுக்க வழியே இல்லை. சுடாமல் விட்டோம். மாலைவரை அது அங்கிருந்து நகரவில்லை. எடுக்க முடியாத இடத்தில் ஒரு விலங்கைக் கொல்வதை நான் வேட்டை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சோலைக்குருவி (உதகமண்டலம்)

நான் வேட்டைக்காரி அல்லள். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு இடமும் இல்லை. வரையாடு கணக்கெடுப்பில் தன்னார்வலராகப் போகிறவள். தென்தீவு அவர்கள் சொன்ன தாரும் எங்கள் வரையாடும் ஒரே பேரினம் என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு வரையாட்டைச் செம்மறிகளுக்கு நெருக்கமானதென்று காட்டித் தனிப் பேரினமாக்கியது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303.

எங்களுக்கு வெறும் எண்ணிக்கை போதாது. பெண், குட்டி, முதுகில் சேணம் போல வெளிறிய திட்டு விழுந்த முதிர்ந்த ஆண் என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிடும் முறையும் உண்டு. இங்கே எதிரி மேகம். மந்தை நின்ற பாறையை ஒரு காலை மூடுபனி முழுவதும் விழுங்கிவிட்டது. முன்பே டிரைபாடில் குறிவைத்து ஹெட்டைப் பூட்டியிருந்ததால் யாரும் எதையும் தொடவில்லை. திரை விலகிய சில நொடிகளில் கண்ணை வைத்த இடத்திலேயே மந்தை இருந்தது. ஒரு பெண் ஆடு ஓரடி முன்னே வைத்தது, அதன் வயிற்றுக்குப் பின்னால் நான்கு குட்டிக் கால்கள். முதல் எண்ணிக்கையில் அந்தக் குட்டி யார் ஏட்டிலும் இல்லை. இரண்டு ஏட்டிலும் சேர்த்து எழுதினோம்.

புதியவன் (மெல்போர்ன்)

விக்டோரியாவில் கடமான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். அடர்ந்த காடு. நான் கண்ணாடி அணிபவன். எனக்கும் 15 மடங்கு தேவையா அண்ணா?

கள்ளிக்காடு

தேவையில்லை தம்பி. அடர்ந்த புதருக்குள் நடந்து தேடப் போகிறீர்களென்றால் 8x42 போதும், டிரைபாடும் வேண்டாம். மாலையில் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எதிரே உள்ள திறந்த சரிவைப் பார்ப்பதானால் 10x42-உம் டிரைபாடும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவருக்கு, கண்ணுக்கும் பைனாகுலரின் பின்கண்ணாடிக்கும் இடையே 16 மில்லிமீட்டராவது தூரம் அனுமதிக்கும் மாடல் வேண்டும். கடையிலேயே கண் வைக்கும் பக்கத்து வளையங்களை முழுவதும் இறக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியோடு வைத்துப் பாருங்கள். வட்டத்தின் விளிம்பு நான்கு பக்கமும் தெரிய வேண்டும். பிறகு நடுக்கீலின் முன்முனையில் உள்ள மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மரை இருந்தால்தான் டிரைபாடு அடாப்டரை நேராக மாட்ட முடியும். சில மாடல்களில் மூடியே இருக்காது, அவற்றை வாங்க வேண்டாம்.