புதுப்பிப்பு: ஓய்வூதியம் இல்லாத ராணுவ வீரரின் விதவைக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பெரியம்மாவுக்காக இங்கே கேட்டிருந்தேன். பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர், ஓய்வூதியத்துக்கான காலம் நிறையும் முன்பே வெளியே வந்துவிட்டார். முன்னாள் படைவீரர் என்ற அவர் பதிவு கோயம்புத்தூரில், பெரியம்மா வசிப்பது கேரளத்தில். எங்கே விண்ணப்பிப்பது என்பதுதான் கேள்வி. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, சித்தூர் பக்கத்து முன்னாள் ஹவில்தார் அண்ணன் சொன்ன வழி: முதலில் பதிவைப் பாலக்காடு மாவட்ட சைனிக (முன்னாள் படைவீரர்) நல அலுவலகத்துக்கு மாற்றி, விதவை அடையாள அட்டை வாங்குங்கள், அப்புறம் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் வறுமை நிவாரணத் தொகைக்கு விண்ணப்பியுங்கள் என்றார். அப்படியே செய்தோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தை (படையிலிருந்து விடுவித்ததற்கான ஆவணம்) கரையான் அரித்திருந்ததால் ரெஜிமென்ட்டின் வெலிங்டன் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருந்தது. நாள் போனது அதில்தான்.

இந்தத் தொகை ஹவில்தார் பதவி வரை இருந்து ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும், 65 வயதுக்கு மேல். மாதம் 4,000 என்றுதான் இங்கே சொன்னீர்கள். 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள், நாங்கள் எதிர்பார்க்காதது. ஆயுள் முழுவதும் உண்டு. பணம் வருவது கொடிநாள் நிதியிலிருந்து. டிசம்பர் 7 அன்று உண்டியலில் போடும் காசு இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் போகிறது, தயவுசெய்து போடுங்கள்.

இதே நிதியில் மருத்துவ உதவியும் உண்டு. அடுத்து, பெரியம்மாவின் கண் சிகிச்சைக்கு அதைக் கேட்கப் போகிறோம்.