பாட்டி படம் உள்ள பழைய மடக்குப் போன், படத்தை வெளியே எடுக்க வழி உண்டா?

பட்டர்வொர்த் பையன்:
வணக்கம். தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும்போது அம்மாவின் அலமாரியில் அப்பாவுடைய மோட்டோரோலா ரேஸர் வி3 கிடைத்தது. 2006 தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டில் பாட்டியை அதில்தான் எடுத்தாராம், வேறு நல்ல படம் வீட்டில் இல்லை. மெமரி கார்டு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், துளையையே காணோம். சார்ஜர் வாயும் இப்போதைய எதிலும் சேரவில்லை. இதன் கேமரா எத்தனை மெகாபிக்சல், பெரிதாக அச்சடிக்க வருமா? அப்புறம், சிம் போட்டால் இன்னும் பேசலாமா?

கோம்தார் குமார்:
1.3 மெகாபிக்சல் தம்பி, கார்டும் போடலாம். என்னிடம் இருந்தது, நன்றாக நினைவிருக்கு.

பழைய போன் பைத்தியம்:
குமார் அண்ணே, நீங்கள் சொல்வது 'வி3 ஐ' (V3i) என்ற வேறு மாடல். அதுதான் 1.23 மெகாபிக்சல், மைக்ரோ எஸ்டி கார்டு உள்ளது. 2004இல் வந்த முதல் வி3க்கு கார்டே கிடையாது, உள் நினைவகம் 5.5 எம்பி, கேமரா 640க்கு 480 புள்ளி, அதாவது 0.3 மெகாபிக்சல், ஃபிளாஷும் இல்லை. தம்பி, பேட்டரியைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார், எந்த மாடல் என்று தெரிந்துவிடும். மூடிய நிலையில் 13.9 மில்லிமீட்டர் தடிமன், 95 கிராம் எடை, அந்தக் காலத்தில் சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது, அதற்காகவே எல்லோரும் பைத்தியமாக அலைந்தோம். கேமராவை யார் பார்த்தார்கள்!

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யவே வேண்டாம், பிஆர்50 என்ற மாடல், 680 எம்ஏஎச், மாற்று தேடு. காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் பழைய போன் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வாய் மினி யூஎஸ்பி. வயர் பொருந்தினாலும் சில சார்ஜர்களைப் போட்டால் சார்ஜ் ஆகாது என்று திரையில் காட்டும், போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே, மோட்டோரோலாவின் சொந்த சார்ஜரை மாட்டிப் பார்.

செந்தூல் அக்கா:
ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி, கடையில் கொடுக்காதே. என் கணவருடைய பழைய போனை ஒரு கடையில் லாக் எடுக்கக் கொடுத்தோம், ரீசெட் செய்து படம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லாக் எடுத்தாச்சு என்று 30 வெள்ளியும் வாங்கிக்கொண்டார்கள். லாக் கேட்டால் முதலில் 1234 போடு, செக்யூரிட்டி கோடு என்றால் 000000. அப்பா மாற்றாமல் விட்டிருந்தால் திறந்துகொள்ளும். படத்தை புளூடூத்தில் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பலாம். ஐபோன் வாங்கிக்கொள்ளாது, அதனோடு மல்லுக்கட்டாதே.

பழைய போன் பைத்தியம்:
அக்கா சொன்னது சரி. சிம் விஷயம்: இது 2ஜி போன், அதாவது பழைய இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் ஓடுவது. 2021 கடைசியில் மலேசியாவில் மூடியது 3ஜியைத்தான், அது இதைத் தொடவே இல்லை. சிம் பழைய பெரிய அளவு, நானோ சிம்முக்கு அடாப்டர் சட்டம் வாங்கிப் போடு. அச்சு என்றால் 4ஆர் (4க்கு 6 அங்குலம்) வரைக்கும் போ. 6 அங்குல அகலத்துக்கு 640 புள்ளி, அங்குலத்துக்கு 107தான் வருகிறது, கையில் வைத்துப் பார்க்க ஏதோ பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பாட்டி முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பட்டர்வொர்த் பையன்:
லேபிளில் வெறும் வி3தான், ஐ இல்லை. குமார் அண்ணே மன்னிக்கவும். பேட்டரி உப்பித்தான் இருந்தது, சந்தையில் வேறொன்று கிடைத்தது. 1234இலேயே திறந்தது. அண்ணனின் ஐபோனில் அரை மணி நேரம் வீணடித்துவிட்டுத்தான் அக்கா எழுதியதைப் பார்த்தேன், என் சம்சோங்குக்கு உடனே வந்துவிட்டது. பதினொரு படம், ஒன்பது அப்பாவின் விரல். மற்ற இரண்டில் பாட்டி மஞ்சள் சேலையில் நிற்கிறார், முகம் கொஞ்சம் மங்கல்தான். சட்டம் போட்டு மாட்ட 8ஆர் (8க்கு 10 அங்குலம்) அளவு வேண்டும் என்கிறார் அம்மா, புள்ளிக் கணக்கை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.