புதுப்பிப்பு: தேசிமரத்துப் புழு பறந்துவிட்டது

மூன்று கிழமைக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: ஆரையம்பதியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டப் போத்தலில் வைக்கும் புழுக்கள் ஏன் சாகின்றன என்று. பிழை என்னுடையதுதான். தேசிமரத்தில் எடுத்த புழுவுக்கு முருங்கை இலை போட்டிருக்கிறேன். அது தேசி, தோடை, கறிவேப்பிலை, விளா என்று ஒரே குடும்பத்து இலைகளைத்தான் தின்னும்.

இம்முறை சாடியில் நின்ற தேசிக்கன்றையே நுளம்பு வலையால் மூடினோம். முதலில் குருவி எச்சம் மாதிரி இருந்த புழு, தோல் கழற்றிக் கழற்றிப் பச்சையானது. ஒரு பிள்ளை தொட்டதும் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள்! எதிரியை அது எப்படி விரட்டும் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்புறம் மெல்லிய நூலால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது.

ஒன்பதாம் நாள் காலையில் வண்ணத்திப்பூச்சி வெளியே வந்தது. சிறகு கசங்கிக் கிடந்ததைப் பார்த்து விரித்துவிடப் போன சின்னக் கையைத் தடுத்தேன். உடலிலுள்ள நீர் சிறகு நரம்புகளுக்குள் பாய்ந்துதான் அது தானாக விரிய வேண்டும். காத்திருந்தோம். விரிந்தது, காய்ந்தது, பறந்தது.

முட்டையைத்தான் இன்னும் காணவில்லை. இப்போது தினமும் இளந்தளிர்களைப் புரட்டித் தேடுகிறார்கள்.