அஞ்செட்டி மலைப் பக்கம் எடுத்துச் செல்ல எந்த வானொலிப் பெட்டி நல்லது? திருச்சி நிலையம் மட்டும் சரியாகக் கேட்கவில்லை

கேள்வி: பாலக்கோடு புளி வியாபாரி

வணக்கம். மாசியிலிருந்து சித்திரை வரை புளி கொள்முதலுக்காக அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், உரிகம் சுற்றுவட்டாரத்தில் தங்கித் திரிவது என் தொழில். பல இடங்களில் கைப்பேசிக்கு டவர் கிடையாது. களத்தில் காயும் புளி கோடை மழையில் நனைந்தால் கறுத்து விலை போய்விடும் என்பதால், செய்தியும் வானிலை அறிவிப்பும் எனக்குக் கட்டாயம் வேண்டும். தருமபுரி பண்பலை 102.5 பாலக்கோட்டில் கணீரென்று கேட்கிறது. மலைச்சாலையில் பள்ளத்துக்குள் இறங்கியதும் இரைச்சலாகி அறவே நின்றுவிடுகிறது.

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் பெட்டி ஒன்று இப்போது கையில் இருக்கிறது. அதில் மீடியம் வேவில் சென்னை 720 இரவில் நன்றாகவே கேட்கிறது. திருச்சி 936 மட்டும் எப்படி வைத்தாலும் குரல் உடைந்து 'ஸ்ஸ்' என்று சீறுகிறது. பெட்டி பழுதா? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: தேன்கனிக்கோட்டை வாசகர்

பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. நடுவில் மலை நின்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் பள்ளத்தில் தடுமாறத்தான் செய்யும். 102.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளத்தில் கால் பங்கு என்பது சுமார் 73 சென்டிமீட்டர். ஆகவே ஏரியல் கம்பி முழுவதும் இழுத்த நிலையில் அந்த அளவுக்காவது வருகிற பெட்டி நல்லது. அதற்கு மேல் மேட்டுக்கு ஏறி நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. எங்கள் பக்கத்து மலைக்கு மீடியம் வேவையே நம்புங்கள்; அது நிலத்தை ஒட்டியே வருவதால் மேடுபள்ளம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பதில்: காவேரிப்பட்டணம் ரேடியோ மெக்கானிக்

ஐயா, பெட்டியைத் திறக்க வேண்டாம். நிலையத்தை மாற்றும் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள்: 930-க்கு அடுத்து நேராக 940 வருகிறதா? வந்தால் பெட்டி அமெரிக்க அமைப்பில் இருக்கிறது என்று பொருள். அங்கே மீடியம் வேவ் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும், இந்தியாவில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் அமைந்திருக்கின்றன. நம் நிலைய எண்கள் ஒன்பதால் வகுபடுபவை. 720 பத்தாலும் வகுபடுவதால் அது மட்டும் சரியாக அமர்ந்துவிடுகிறது; 936-ஐ நீங்கள் 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 940-இல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் குரல் சீறுகிறது. பெங்களூரு 612-ஐ வைத்துப் பாருங்கள், அதிலும் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். இந்த இடைவெளியை மாற்றும் வழி பெரும்பாலான டிஜிட்டல் பெட்டிகளில் உண்டு. பெட்டியை அணைத்த நிலையில் ஏதோ ஒரு எண் பொத்தானை அழுத்திப் பிடிப்பதாக இருக்கலாம், பின்புறத்திலோ கையேட்டிலோ '9/10' என்று தேடுங்கள். முள் நகரும் பழைய டயல் பெட்டிகளில் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி கேட்டவர்:

நீங்கள் சொன்னபடியே 930-க்கு அடுத்து 940 வந்தது. மாற்றிவிட்டேன், 936 இப்போது பகலிலேயே தெளிவாகக் கேட்கிறது. மிக்க நன்றி ஐயா. ஆனால் உரிகம் பக்கம் நான் தங்கும் தோட்டத்தில், இரவானால் எந்த மீடியம் வேவ் நிலையத்திலும் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 'டிக், டிக்' என்று ஓர் ஒலி விழுகிறது. பகலில் இல்லை. இதுவும் அமைப்புக் கோளாறா?

பதில்: தேன்கனிக்கோட்டை வாசகர்

அது யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் போட்டிருக்கும் சோலார் வேலி. வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை அதிர்வை அனுப்பும். கம்பியில் செடி உரசினாலோ இன்சுலேட்டர் விரிசல் விட்டிருந்தாலோ, ஒவ்வொரு அதிர்விலும் பொறி பறந்து வானொலியில் கேட்கும். பகலில் வேலியை அணைத்து வைப்பார்கள், அதனால் உங்களுக்குக் கேட்பதில்லை. எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்யும்படி தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். வேலிக்கும் அதுதான் நல்லது. நீங்களாகப் போய்க் கம்பியைத் தொட வேண்டாம்.

பதில்: காவேரிப்பட்டணம் ரேடியோ மெக்கானிக்

சரியாகச் சொன்னார். அதோடு ஒன்று: மீடியம் வேவ் அலையை உள்வாங்குவது வெளியே இழுக்கும் கம்பி அல்ல, பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் ராடு, அதாவது செப்புக் கம்பி சுற்றிய கருநிறத் தண்டு. பெரும்பாலும் அது பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். ராடின் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தைப் பார்த்தால் ஒலி கூடும், முனை பார்க்கும் திசையிலிருந்து வருவது அடங்கும். ஆகவே நிலையத்தை வைத்துவிட்டு, பெட்டியைத் தட்டையாகச் சுற்றி, 'டிக்' ஒலி மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். வேலியும் திருச்சியும் ஒரே திசையில் இருந்தால் மட்டும் இது பலிக்காது. கைப்பேசி சார்ஜர், மலிவு எல்.இ.டி. பல்பு, சோலார் கன்ட்ரோலர் ஆகியவற்றுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

பதில்: அரூர் நண்பர்

பேசாமல் பன்னிரண்டு பேண்ட் பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமே? சித்தேரிப் பக்கம் போகும்போது நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: காவேரிப்பட்டணம் ரேடியோ மெக்கானிக்

பேண்ட் எண்ணிக்கையில் பெரும்பகுதி ஷார்ட் வேவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவதுதான். இவருக்கு வேண்டியது தமிழ்ச் செய்தியும் வானிலையும். அதற்கு மீடியம் வேவும் பண்பலையும் போதும். உள்ளங்கைப் பெட்டியில் ராடு சிறிதாகத்தான் இருக்க முடியும் என்பதால், கொஞ்சம் நீளமான பெட்டியே மேல். கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துச் சோதிக்காமல், நடுப்பகலில் வெட்டவெளிக்கு எடுத்துப்போய் 936-ஐ வையுங்கள். இரவில் மேல்வானத்தில் பட்டுத் திரும்பும் அலையால் எந்தப் பெட்டியும் தொலைதூர நிலையங்களை இழுக்கும். பகலில் இழுப்பதுதான் பெட்டியின் திறமை. சாதாரண செல் போட முடிகிறதா என்றும் பாருங்கள். உள்ளேயே அடைத்த பேட்டரி நடுக்காட்டில் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? செல் என்றால் அஞ்செட்டிக் கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் மைத்துனர் கொடுத்த பெட்டி பகலிலேயே திருச்சியை எடுக்கிறது, செல்லிலும் ஓடுகிறது என்றால், இந்தப் பருவத்துக்குப் புதிது வாங்கவே தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:

மூன்று சிறிய செல்லில்தான் ஓடுகிறது ஐயா. அப்படியானால் இதையே வைத்துக்கொள்கிறேன். வேலி உரசும் இடத்தைத் தோட்டக்காரர் நாளை காலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.