டெல்டா ரோட்டுக்கு வேகமான மின்சார பைக் ஒத்து வருமா?

காவிரிக்கரை:
டெல்டா ரோட்டுக்கு வேகமான மின்சார பைக் நல்லது என்று நான் சொன்னதற்கு, மணிக்கு 155 கிலோமீட்டர் வேகம் போகிற பைக் நம்ம பக்கம் எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். உச்ச வேகத்துக்காக நான் அதைச் சொல்லவில்லை. அல்ட்ராவயலெட் கம்பெனியின் எஃப்77 மாக் 2 ரீக்கான் என்ற மின்சார பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 10.3 யூனிட் பேட்டரி, 30 கிலோவாட் மோட்டார், 100 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). கும்பகோணம்–மயிலாடுதுறை ரோட்டில் முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், ஓரத்தில் வாய்க்கால். கியர் இறக்காமல் 40-இலிருந்து 80-க்கு ஏறி, எதிர் பஸ் நெருங்குவதற்குள் இடப்பக்கம் வந்துவிடலாம். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பாலங்களைத் தவிர மேடே இல்லாத பூமி வேறு.

கீழத்தஞ்சை:
மேடு இல்லை, காற்று இருக்கிறதே அண்ணே. ஆடி மாதம் மேல்காற்று வீசும்போது நாகையிலிருந்து தஞ்சாவூர் திரும்பினால் நேர் எதிர்க்காற்று. வண்டி 80, காற்று 20 என்றால் நெஞ்சில் மோதுவது 100. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது 1.56 மடங்கு. காற்றே இல்லாதபோது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 58 வாட்-அவர் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்) எடுக்கிற வண்டி அப்போது 80 வாட்-அவரைத் தாண்டும். காகிதத்தில் 323 கிலோமீட்டர் என்று இருக்கிற ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், 125-க்கு வந்துவிடும். நாற்கரச் சாலையிலேயே இரு சக்கரத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டராகத்தான் இருந்தது. பிறகு எதற்கு இத்தனை கிலோவாட்டுக்குப் பணம் கொட்ட வேண்டும்?

காவிரிக்கரை:
கணக்கு சரி தம்பி, பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். போகும்போது அதே காற்று முதுகில் தள்ளும். தஞ்சாவூர்–நாகை ஒரு வழி 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 80-இல் போய் வந்தால் 10 யூனிட்டை ஒட்டிவிடும். அது ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன். 60-இல் போய் வந்தால் 7 யூனிட்டுக்குள் முடியும். முந்தும் நேரத்தில் மட்டும் முறுக்கினால் அது சில விநாடிச் செலவுதான்.

மீட்டர்பெட்டி:
இரண்டு பேரும் ரோட்டையே பேசுகிறீர்கள். நம்ம ஊர்களில் வண்டி முதலில் மாட்டிக்கொள்வது வீட்டு பிளக்கில். சார்ஜ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் எர்த் கோளாறு. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 16 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். பேஸ்–நியூட்ரல் 230 பக்கம் இருக்க வேண்டும். பேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்–எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் எர்த்தைப் பாருங்கள். களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் நன்றாகவே இருக்கும். சித்திரை, வைகாசியில் மண் பாளம் பாளமாக வெடித்ததும் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். குழியில் கரி, உப்பு புதுப்பித்து, வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு ஒயரால் இணைத்து சார்ஜரை ஏமாற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் வண்டியின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் தொடுகிறவர் பிழைக்க மாட்டார். சாக்கெட்டுக்குத் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் (20 மீட்டருக்கு மேல் போனால் 4), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்): இது இல்லாமல் சார்ஜ் போட வேண்டாம்.

கீழத்தஞ்சை:
இது உபயோகமான விஷயம் சார். ஆனால் சேற்றை யாரும் சொல்லவில்லை. நடவுக் காலத்தில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் வயலைவிட்டு ஏறினால் ரோடெங்கும் சேறு. அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும். ரீஜெனை (ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரியை ஏற்றுவது) அதிகமாக வைத்துவிட்டு, சேற்றிலோ நெல்லிலோ ஆக்சிலேட்டரை டக்கென்று விட்டால் பின்சக்கரம் மட்டும் பிடிக்கும், வால் விலகும். பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனை ஊர் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது? பெட்ரோலை கேனில் வாங்கலாம், கரண்டை?

காவிரிக்கரை:
கஜாவுக்கு என்னிடம் பதில் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் முழுதாக ஏற்றி வைப்பதுதான் ஒரே வழி. சேற்றுக்கு வழி இருக்கிறது: ரீஜெனை மிகக் குறைந்த நிலைக்கு இறக்குங்கள், டிராக்ஷன் கண்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) அணைக்காதீர்கள். 100 சதவீதம் ஏற்றிய பேட்டரியில் ரீஜெனுக்கு இடமிருக்காது. பழகிய பிடிப்பு காலையில் இல்லாமல் போய்ச் சிலர் தடுமாறுவது அதனால்தான். தினசரி ஓட்டத்துக்கு 80, 90 போதும். வைக்கோல் ரோட்டைத் தாண்டியதும் முன் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) பாருங்கள், வைக்கோல் சுற்றியிருக்கும். இத்தனை டார்க்கில் செயினும் சீக்கிரம் தளரும். பின்சக்கரத்தைச் சுற்றி, இறுக்கமான இடத்தில் செயின் தொய்வை அளந்து, கையேட்டு அளவுக்கு வையுங்கள்.

மீட்டர்பெட்டி:
மழைக்கு ஒன்று. ஐபி67 என்ற நீர்காப்புத் தரம் நிற்கிற தண்ணீரில் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் வரைதான். வாட்டர் வாஷ் பிரஷருக்கு அது பொருந்தாது. சூடாக ஓடி வந்த மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சும். கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். நனைந்த அன்று சார்ஜிங் போர்ட்டை உலர்த்தி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வேதாரண்யம், நாகை உப்புக்காற்றில் நனையாமலே பூக்கும்.

கீழத்தஞ்சை:
அப்படியென்றால் தனி எர்த்தும் சொந்த பார்க்கிங்கும் இருக்கிறவருக்கு மட்டும் சரி என்கிறேன். வாடகை வீட்டுக்காரருக்கு 400 சிசி பெட்ரோல் வண்டிதான். 207 கிலோ பைக் வழியில் நின்றால் பஞ்சர் கடைக்காரர் தொடமாட்டார். டாடா ஏஸ்தான் கூப்பிட வேண்டும்.